ஸ்டியரிங்கில் ஒரு 'டொக்'!

எனக்குத் தெரிந்த வண்டிச் சத்தங்கள் மொத்தம் மூன்று. ஒன்று, என் பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம். இரண்டு, அது ஸ்டார்ட் ஆகாத சத்தம். மூன்று, அதைக் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து வரும் சிரிப்புச் சத்தம். பி.காம். படித்தவனிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை, சார்!

அப்படிப்பட்ட என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரிப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார் மச்சான். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். நாமக்கல்லில் சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். ஒரே ஒரு லாரி. ஆர்.சி. புக்கில் இவர் பெயர், மாசா மாசம் டியூ கேட்பது பேங்க்.

"மாப்ளே, நீங்க கணக்குப் படிச்சவரு. இந்த எஸ்டிமேட்டை ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு தாளை நீட்டினார். வேறொரு ஒர்க் ஷாப்பில் எழுதிக் கொடுத்தது. 'ஸ்டியரிங் பாக்ஸ் முழு செட் மாற்ற வேண்டும்' என்று ஒரே வரி. எதிரே ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு எண்ணைக் கூட்டுவதில் தப்பு வர வாய்ப்பில்லையே!

விஷயம் இதுதான். ஸ்டியரிங்கை ஒடித்தால் 'டொக்' என்று ஒரு சத்தம். டிரைவர் அண்ணன் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மச்சானும் மூன்று மாதமாக, "இந்த லோடை இறக்கிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். லோடு இறங்கியது, அடுத்த லோடு ஏறியது. சத்தம் மட்டும் இறங்கவே இல்லை.

எங்க ஆபீஸிலும் இப்படித்தான். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையென்றால், வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

டாக்டர் கேட்கிற கேள்விகள்

பட்டறை மேஸ்திரிக்கு அறுபது வயசிருக்கும். மச்சான் நீட்டிய எஸ்டிமேட்டை வாங்கி, படிக்காமலே மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். நேராக டிரைவரிடம் திரும்பினார்.

"நின்னுக்கிட்டு இருக்கையில சத்தம் வருதா, ஓடையில வருதா?"

"நின்னாலும் வருதுங்க."

"பிரேக் புடிச்சா?"

"அதுல ஒண்ணும் வித்தியாசம் இல்லீங்க."

"மேடு பள்ளத்துல?"

"கேக்குதுங்க. ஆனா லேசா அப்படி இப்படி ஒடிச்சாத்தான் நல்லா வருது. எடப்பக்கம் ஒடிச்சு வலப்பக்கம் மாத்தையில ஒண்ணு, திரும்ப மாத்தையில ஒண்ணு."

மேஸ்திரி தலையாட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது சொன்னார்: நேராகப் போகும்போது பள்ளத்தில் மட்டும் சத்தம் வந்தால் பட்டையின் ஷேக்கிள் பின், புஷ், ஷாக் அப்சார்பர் பக்கம் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் யூ போல்ட் லூஸாக இருக்கலாம், கிங் பின்னில் தேய்மானம் இருக்கலாம். முழுசாக ஒடித்த பிறகு கடைசியில் மட்டும் வந்தால் டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்கலாம். நின்ற இடத்திலேயே, திசை மாறும் ஒவ்வொரு தடவையும் 'டொக்' என்றால், ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம் வரை போகிற வழியில் ஏதோ ஓர் இணைப்பில் ஆட்டம் இருக்கிறது.

"அப்ப, சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேட்டுக் கண்டுபிடிக்கணும்" என்றேன் மகா புத்திசாலியாக.

மேஸ்திரி சிரித்தார். "சத்தத்தைத் தேடாதீங்க தம்பி, ஆட்டத்தைத் தேடுங்க. இரும்புல சத்தம் நடந்து போயிரும். அச்சுல தட்டினா கேபின்ல கேக்கும். காது ஏமாத்தும், கை ஏமாத்தாது."

வவுச்சர் வவுச்சராக...

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டார்கள். பவர் ஸ்டியரிங் என்பதால் இன்ஜின் ஓடினால்தான் பம்பு வேலை செய்யும், உண்மையான ஆட்டம் தெரியும். முன் சக்கரங்கள் தரையில் இருக்க, கிளீனர் பையன் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தான். மேஸ்திரி அடியில் போய் ஒவ்வொரு இணைப்பாகக் கை வைத்துப் பார்த்தார். (நான் அவசரமாகக் கை நீட்டியதும் ஒரு அதட்டல் விழுந்தது. ஆடுகிற கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டால் விரல் நம்மோடு திரும்பி வராது.)

ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு ஒரு சங்கிலி மாதிரி வழி போகிறது. நம் கை திருப்புவது ஸ்டியரிங் ராடை. அது யுனிவர்சல் ஜாயிண்ட் வழியாக ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போகிறது. பாக்ஸிலிருந்து தொங்கும் கை டிராப் ஆர்ம். அது டிராக் லிங்க் என்ற நீளக் கம்பியை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அந்தக் கம்பி ஒரு பக்கச் சக்கரத்தைத் திருப்ப, டை ராடு அந்தத் திருப்பத்தை மறுபக்கச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது.

விதி ஒன்றுதான். இணைப்பின் ஒரு பக்கம் அசைந்தால் மறுபக்கமும் அதே நொடியில் அசைய வேண்டும். ஒன்று முந்தி, ஒன்று பிந்தினால், அங்கேதான் கோளாறு.

யுனிவர்சல் ஜாயிண்ட்: மேலும் கீழும் சேர்ந்தே திரும்பியது. பாஸ். ஸ்டியரிங் பாக்ஸ்: சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன, பாக்ஸ் அசையவில்லை, உள்ளேயும் ஆட்டம் இல்லை. ஐந்து இலக்கம் பாஸ்! மச்சான் முகத்தில் பாதி நிம்மதி. டிராப் ஆர்ம் பக்கத்து முனை: பாஸ். சக்கரத்துப் பக்கம் இருந்த டிராக் லிங்க் முனைக்கு வந்ததும் மேஸ்திரி என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

கம்பி முதலில் அசைந்தது. ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்துத்தான் சக்கரத்துக் கை அசைந்தது. அந்த இடைவெளியில், என் உள்ளங்கைக்குள் 'டொக்'.

சார், இத்தனை வருஷ அக்கவுண்ட்ஸ் வேலையில், தப்பான என்ட்ரி ஒன்றை நான் கையால் தொட்டுப் பார்த்தது இதுதான் முதல் தடவை!

ஒரு ரப்பர் மூடியின் கதை

அந்த முனையில் ஓர் உருண்டை, கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. அதன் மேல் ஒரு ரப்பர் மூடி. எங்கள் வண்டியில் மூடி கிழிந்திருந்தது. கிழிசல் வழியே மழைத் தண்ணியும் மண்ணும் உள்ளே போய், கிரீஸ் வெளியே வந்துவிட்டது. காய்ந்த உருண்டை கிண்ணத்தைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 98-வது விதி ஸ்டியரிங் பற்றியது. ஸ்டியரிங்கில் வெற்றாட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள தூரம். அது சட்டத்தின் கடைசி எல்லை, அதுவரை ஆடலாம் என்று கொடுத்த அனுமதி இல்லை. அதே விதி, பால் ஜாயிண்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட், பின் எல்லாம் கழன்றுவிடாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விதி எழுதியவர் அடியில் படுத்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கழற்றினார்கள். ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டை லூஸ் செய்து, மரை மேல் அடிக்காமல் கையின் பக்கவாட்டில் இரண்டு சுத்தியல் அடி. முனை கையோடு வந்தது. பழைய முனையைக் கம்பியிலிருந்து கழற்றும்போது மேஸ்திரி வாய்விட்டுச் சுற்றுகளை எண்ணினார். புதியதையும் அத்தனை சுற்றுதான் ஏற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் கம்பியின் நீளம் மாறி, வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

"பழசையே வெல்டு வச்சு ஓட்ட முடியாதுங்களா?" என்று மச்சான் மெல்ல ஆரம்பித்தார். பழக்க தோஷம்.

"ஸ்டியரிங் சாமான்ல நெருப்பே படக் கூடாதுங்க. அப்படிப் பண்ணணும்னா வேற பட்டறைக்குப் போங்க" என்றார் மேஸ்திரி, தலையைத் தூக்காமலே.

பிறகு பழைய முனையை மச்சானின் கையில் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். விழப்போகிற பால் பல் மாதிரி உருண்டை ஆடியது. "இன்னும் கொஞ்சம் தேஞ்சா உருண்டை கிண்ணத்தை விட்டு வெளிய வந்துரும். அப்புறம் ஸ்டியரிங் உங்க கையில இருக்கும். வண்டி உங்க கையில இருக்காது."

யாரும் பேசவில்லை. டிரைவர் அண்ணன்தான் கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "போன வாரம் பெங்களூர்லேருந்து ஃபுல் லோடோட இதை வச்சுக்கிட்டுத்தான் தொப்பூர் கணவாய் எறங்குனேன். ராத்திரி."

மச்சான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று சாயங்காலம் ஏற வேண்டிய லோடு வேண்டாம் என்று புக்கிங் ஆபீஸில் சொல்லிவிட்டு வந்தார். வந்தவர், "இன்னொரு முனை, டை ராடு, கிங் பின், எல்லாத்தையும் பாத்துருங்க" என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்கள். அப்படி ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். எங்கள் வண்டியில் இரண்டும் நலம்.

புது முனை, நட்டை முறையாக இறுக்கி, துளை சேரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி (லூஸ் செய்து அல்ல!), புது ஸ்பிளிட் பின், கிரீஸ். மொத்த பில், அந்த எஸ்டிமேட்டுக்கு முன்னால் டீச் செலவு மாதிரி இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு வந்த டிரைவர் அண்ணன், "இப்பத்தான் வண்டி பேச்சைக் கேக்குது" என்றார். "நீங்களும் அவர் பேச்சைக் கேளுங்க" என்றார் மேஸ்திரி, மச்சானைப் பார்த்து.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகும்போது சிக்னலில் பிரேக் பிடித்தேன். என் பைக்கின் முன் பக்கம் 'டொக்'. பழைய சத்தம்தான். ஹாரன் அடித்து மறைத்துவிடுவது வழக்கம். அன்று ஓரமாக நிறுத்தி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில் பாருக்குக் கீழே ஃபோர்க் சேருமிடத்தில் இன்னொரு கையை வைத்து, வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். விரலுக்கு அடியில் ஆட்டம். கோன் செட்!

மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். கேட்டார், "எத்தனை நாளா சார் இந்தச் சத்தம்?"

"ஒரு... மூணு மாசமா" என்றேன், மெதுவாக.