கை சும்மா இராது – 9: பொம்மை செய்த பேராசிரியர்

கோலார் தங்கவயல், ஸ்கெலட்டனிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் பன்னிரண்டாவது முடிக்கப்போகிறாள். ஓவியம்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாம். “உங்கள் தொடரில் வருகிறவர்கள் ஊர் ஊராகக் கண்காட்சி வைக்கிறார்கள், வெளிநாடு போகிறார்கள், தோன்றியதையெல்லாம் செய்து பார்க்கிறார்கள். சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்று மட்டும் நீங்கள் எழுதுவதே இல்லையே?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு, விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் வீடு திரும்பும் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. அங்கிருந்து வரும் கேள்விக்குச் சுற்றிவளைக்காமல் பதில் சொல்லவேண்டும்.

நல்லவேளையாக, இந்த வாரம் எழுதவிருந்தவரின் வாழ்க்கையே அதற்கு ஒரு பதில். ஓவியர் கே.ஜி.சுப்ரமணியன். முழுப்பெயர் கல்பாத்தி கணபதி சுப்ரமணியன். தமிழ்க் குடும்பம், பிறந்தது 1924-இல் வடகேரளத்துக் கூத்துப்பறம்பில், வளர்ந்தது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த மாஹேயில். சாந்திநிகேதனில் அவர் எல்லோருக்கும் ‘மணிதா’. பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் மூன்றும் வாங்கியவர். ஆனாலும் தமிழ்நாட்டில் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

அவர் ஓவியம் படிக்க வீட்டை விட்டுக் கிளம்பியவர் அல்லர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். வெளியே வந்தபோது அரசுக் கல்லூரிகளின் கதவு சாத்தப்பட்டிருந்தது. 1944-இல் சாந்திநிகேதன் கலாபவனத்தில் சேர்ந்தார். நந்தலால் போஸ், வினோத பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் என மூன்று ஆசிரியர்கள். மூவரும் மூன்று திசை. இந்திபவனச் சுவரில் வினோத பிஹாரி இடைக்காலத்து பக்திக் கவிகளை ஓவியமாகத் தீட்டியபோது உதவிக்கு நின்ற மாணவர்களில் மணியும் ஒருவர். சுவர் என்பது சட்டம் போட்டு மாட்டுகிற படத்தைவிடப் பெரிய மேடை என்பதை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

இனி சோற்றுக் கணக்கு. 1951-இல் பரோடா பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் விரிவுரையாளர். துறை தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 1955-இல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவித்தொகையில் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளிக்குப் போய் வந்தார். 1959 முதல் 1961 வரை பம்பாயில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புக்கான துணை இயக்குநர். பிறகு மறுபடி பரோடா. 1966-இல் ராக்ஃபெல்லர் நிதியுதவியில் நியூயார்க். 1980-இல் சாந்திநிகேதனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். வெளிநாட்டுப் பயணங்களுக்கு உதவித்தொகை, வீட்டுக்கு மாதச் சம்பளம். ஓவியம் விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் அவர் தன்னை வைத்துக்கொள்ளவில்லை.

கைத்தறி வேலையை ஏதோ பிழைப்புக்காகச் செய்தது என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் காலத்தில் கைத்தறி வளர்ச்சிக்கு உழைத்த புபுல் ஜெயகரின் முயற்சியில் நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்கள் பலருக்கு இடம் கிடைத்தது. பத்திரிகைக் கோட்டோவியங்களால் நமக்கெல்லாம் நெருக்கமான ஆதிமூலமும் அப்படியொரு மையத்தில் வேலை பார்த்தவர்தான். தறியில் உட்காருகிறவருக்கு ஓவியரின் மனக்கிளர்ச்சி தேவைப்படாது. ஊடை எங்கே திரும்ப வேண்டும், எத்தனை நிறம், எத்தனை இழை என்று சொன்னால்தான் வேலை நடக்கும். பொருளுக்கு என்ன முடியும், என்ன முடியாது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குள் நின்று விளையாடும் பழக்கம் சுப்ரமணியனிடம் கடைசிவரை இருந்தது.

விளையாட்டு என்ற சொல்லை நான் அலங்காரமாகப் போடவில்லை. 1961-இல் பரோடா நுண்கலைத் துறையில் ஒரு சந்தை தொடங்கியது. மாணவர்களும் ஆசிரியர்களும் கையால் செய்த பொருள்களை ஊர் மக்களுக்கே விற்கும் சந்தை. பேராசிரியர் சுப்ரமணியன் அதற்குப் பொம்மை செய்தார். மரத்துண்டு, மணி, தோல், கயிறு என்று கைக்குக் கிடைத்ததை வைத்து மிருகங்கள். அதே 1961-இல்தான் பிரேசிலின் சாவ் பாவ்லோ பினாலே கண்காட்சியில் அவருக்குச் சிறப்புப் பாராட்டும் கிடைத்தது. ஒரே ஆண்டில் கடல் தாண்டி ஒரு பெரிய கண்காட்சி. உள்ளூரில் ஒரு பொம்மைக் கடை. இரண்டில் எது பெரியது என்று அவர் தரம் பிரித்ததாகத் தெரியவில்லை. குழந்தைகளுக்காகப் படக்கதைப் புத்தகங்களும் செய்தார். கடவுள் எல்லா மிருகங்களையும் முதலில் ஒரே மாதிரி படைத்துவிட்டார் என்று தொடங்கும் கதை ஒன்று. நெருக்கடி நிலைக் காலத்தைக் கேலி செய்யும் ‘பேசும் முகத்தின் கதை’ இன்னொன்று. பார்வைக்குக் குழந்தைப் புத்தகம், குத்துவதோ பெரியவர்களை.

பொம்மையில் பழகிய கை சுவருக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை லக்னோவில் பார்க்கலாம். சார்பாக் ரயில் நிலையத்துக்கு எதிரே ரவீந்திராலயா அரங்கம். தாகூர் நூற்றாண்டை ஒட்டிக் கட்டியது. 1963-இல் அதன் முகப்பில் 81 அடி நீளம், 9 அடி உயரத்துக்குச் சுடுமண் சுவர்ச்சிற்பம் ஒன்றை அமைத்தார். கரு, தாகூரின் ‘ராஜா’ நாடகம். இருட்டறையில் இருக்கும் அரசனை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. இத்தனை பெரிய சுவருக்கு ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனியாக வடித்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. சில அடிப்படை வடிவங்களை ஓடுகளாகச் செய்துகொண்டு, ஆயிரக்கணக்கில் அவற்றை மாற்றி மாற்றி அடுக்கினார். ஒரே ஓடு ஓரிடத்தில் கண், இன்னோரிடத்தில் ஆடையின் மடிப்பு. குழந்தை கட்டைகளை அடுக்கி வீடு கட்டுகிற அதே காரியம்தான். அடுக்குகிறவருக்குச் சிற்பம் தெரிந்திருந்தது.

1971-இல் வங்கதேசப் போர். சுப்ரமணியன் மறுபடியும் மண்ணைத்தான் எடுத்தார். இந்த முறை அவர் கை போன வழி வேறு. களிமண்ணை அச்சில் அழுத்தாமல், பூரி மாவு போலத் தகடாகத் தேய்த்து, வெட்டி, மடித்து, கிள்ளி, துளையிட்டார். மெடல் குத்திய தளபதிகள் உப்பிய கன்னத்தோடு நிற்கிறார்கள். பக்கத்தில் வெட்டுண்ட கைகால்கள் வெற்றிப் பொருள்களாக. சூளையில் வெந்த மண்ணுக்குத் தோலின் நிறம் வந்துவிடுகிறது. ஆயில் பெயின்டில் தீட்டியிருந்தால் வெறும் கோபமாகத் தெரிந்திருக்கும். மண்ணில் அது உடம்பாகத் தெரிகிறது. எந்தச் சேதிக்கு எந்தப் பொருள் என்ற தேர்வே அவரிடம் பாதி வேலையை முடித்துவிடும்.

எழுபதுகளின் கடைசியில் கண்ணாடிக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் கண்ணாடி ஓவியத்தில் கிருஷ்ணனைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் பின்புறம் தீட்டி முன்புறமாகப் பார்க்கிற கலை அது. சாதாரணப் படத்தில் பின்னணியைப் பூசி, முகத்தைப் போட்டு, கடைசியில் கண்ணுக்குப் பொட்டு வைப்போம். இங்கே எல்லாம் தலைகீழ். கண்மணியும் நகையின் கோடும் முதலில், அதன்மேல் முகம், பிறகு சேலை, கடைசியில்தான் பின்னணி. இடது வலதாகும். முதலில் இட்ட கோட்டை இரண்டாவது பூச்சு மூடிவிடும், பிறகு திருத்த வழியில்லை. கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கும்வரை படம் எப்படி வந்திருக்கிறது என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. ஐம்பதைத் தாண்டிய, கை நன்றாகப் பழுத்த ஓவியர் தன் பழக்கத்தையெல்லாம் பின்னிருந்து முன்னாகச் செய்யும்படி தன்னையே மாட்டிவைத்துக்கொண்டார். பூனை, குரங்கு, துர்க்கை, ஜன்னலோரப் பெண், இறக்கை முளைத்த பையன் என்று ஒரு கூட்டமே அந்தக் கண்ணாடிகளுக்குள் வந்து சேர்ந்தது.

இதில் ஒரு இழப்பும் உண்டு. கலைச்சந்தை ஓவியரிடம் எதிர்பார்ப்பது ஒரு முத்திரை. தூரத்திலிருந்து பார்த்தாலே ‘இது இன்னார் படம்’ என்று தெரியவேண்டும். அப்போதுதான் விலை ஏறும். ஒரு பொருள் கைவந்ததும் அடுத்ததற்குப் போய்விடுகிறவருக்கு அந்தப் பாதை சரிப்படாது. அவருடைய சமகாலத்தவர் சிலர் கோடிகளில் பேசப்பட்டபோது, அவர் பெயர் அதிகம் புழங்கியது வகுப்பறைகளிலும் கலைஞர்கள் மத்தியிலும்தான். 2003-இல்தான் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில், கலை வரலாற்றாளர் ஆர்.சிவகுமாரின் பொறுப்பில், அவருடைய வாழ்நாள் வேலையெல்லாம் ஒரே கூரையின்கீழ் பெரிய கண்காட்சியாக வந்தது. அப்போது அவருக்கு வயது 79.

ஆகவே தங்கவயல் வாசகருக்கு நேரடியாகவே சொல்கிறேன். ஓவியம் படித்தால் படம் விற்றுத்தான் வாழவேண்டும் என்பதில்லை. சொல்லிக்கொடுக்கும் வேலை உண்டு, துணி வடிவமைப்பு உண்டு, புத்தகத்துக்குப் படம் போடும் வேலை உண்டு. சுப்ரமணியன் இவை மூன்றையும் செய்தார், எதையும் முகம் சுளித்துச் செய்யவில்லை. சம்பளம் அவருக்குத் தந்தது வசதியை மட்டுமல்ல. ‘இது விற்குமா’ என்று கேட்காமல் ஒரு பொருளை எடுத்துப் புரட்டிப் பார்க்கும் உரிமையையும் தந்தது. மகளை ஜனவரியில் பெங்களூர் குமாரகிருபா சாலைக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தையில் ஓவியர்கள் தெருவிலேயே படங்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். யார் என்ன வேலை பார்த்துக்கொண்டு வரைகிறார் என்று அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நானும் நீங்களும் சொல்வதைவிட அந்தப் பதில்கள் அவளுக்கு உதவும்.

சுப்ரமணியன் ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. 1990-ஐ ஒட்டிச் சாந்திநிகேதனில் வடிவமைப்புத் துறைக் கட்டடத்தின் வெளிச்சுவர்களைக் கறுப்பு வெள்ளையில் நிரப்பினார். வெயிலும் மழையும் அதை மங்கவைத்தன. 2009-இல், 85 வயதில், சாரத்தில் ஏறி அதே சுவர்களில் மறுபடி தீட்டினார். 2012-இல் 36 அடி நீளத்தில் ‘எச்சங்களின் போர்’ என்று ஒரு படம். 2016 ஜூன் 29 அன்று பரோடாவில் காலமானார்.

அவர் மாணவர்களிடம் விட்டுச்சென்றது ஒரு பாணியை அல்ல, ஒரு துணிச்சலை. அவரிடம் சுவரோவியம் படிக்க வந்த மிருணாளினி முகர்ஜி, வினோத பிஹாரியின் மகள், தூரிகையை விட்டுவிட்டுச் சணல் கயிற்றைக் கையில் எடுத்தார். முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்துக்குத் தெய்வங்களை எழுப்பினார். கயிற்றுக் கட்டில் பின்னுகிற சரக்கில் சிற்பமா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சிற்பங்கள் பின்னாளில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம்வரை போன கதை அடுத்த வாரம்.

(தொடரும்)