படத்துக்குள் ஊர் – 7: பாலத்தைப் பார்த்தால் இடம் தெரியும்

மான்செஸ்டர் கப்பல் கால்வாயின் பழைய படங்களை அடையாளம் காண உட்காருபவர்களுக்கு முதலில் தலைதான் சுற்றும். நீளம் 58 கிலோமீட்டர். எங்கே நின்று எடுத்தாலும் நடுவில் தண்ணீர், இருபுறமும் கரை, ஒரு நீராவிக் கப்பல். கப்பலை வைத்து இடத்தைச் சொல்ல முடியாது; இன்று இங்கே, நாளை எங்கேயோ. நகராமல் நிற்பவைதான் சாட்சி.

முதல் சாட்சி கரை. ஈஸ்ட்ஹாமில் தொடங்கும் கால்வாய், ரன்கார்ன் வரை மெர்சி ஆற்றின் கழிமுகத்தை ஒட்டியே வருகிறது. ஒரு கரைக்கு அப்பால் அகன்ற சேற்றுவெளி தெரிந்தால், படம் பெரும்பாலும் இந்தப் பகுதிதான். அடுத்து ரிக்ஸ்டன் வரை நிலத்தை வெட்டிய வழி. அதற்கு மேலே மெர்சி, இர்வெல் ஆறுகளையே ஆழப்படுத்தி சால்ஃபோர்டு வரை கொண்டுபோனார்கள். கப்பலை ஏற்றி இறக்கும் ‘லாக்’ மடைகள் ஈஸ்ட்ஹாம், லாட்ச்ஃபோர்டு, இர்லம், பார்ட்டன், மோட் வீல் ஆகிய ஐந்து இடங்களில் இருந்தன. கால்வாயின் குறுக்கே பெரிய மடைக்கதவு தெரிந்தால், தேட வேண்டிய இடம் ஐந்தாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது சாட்சி பாலம். அது இடத்தோடு காலத்தையும் சொல்லும்.

ரன்கார்னை எடுத்துக்கொள்வோம். கோட்டை வாசல் போன்ற கல் கோபுரங்களோடு நிற்பது 1868-இல் திறந்த ரயில் பாலம். அதன் பக்கத்தில் உயரமான இரும்புக் கோபுரங்கள், இடையே உத்தரம், அதிலிருந்து தொங்கும் மேடை தெரிகின்றனவா? வண்டியையும் ஆளையும் அக்கரை சேர்த்த அந்த அமைப்பு 1905 முதல் 1961 வரை ஓடியது. அதற்குப் பதிலாக 1961-இல் வந்தது பெரிய எஃகு வளைவுப் பாலம். மூன்றும் ஒரே படத்தில் நின்றால், 1960-ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்குள் காலத்தை அடக்கிவிடலாம்.

பார்ட்டனில் தடயம் இன்னும் தெளிவு. 1761-இல் ஜேம்ஸ் பிரிண்ட்லி, பிரிட்ஜ்வாட்டர் கால்வாயை இர்வெல் ஆற்றுக்கு மேலே கல் பாலத்தில் கடத்தினார். பெரிய கப்பல்களுக்கு அது இடம் தராது என்பதால் இடிக்கப்பட்டது. அந்த இடத்துக்கு வந்த இரும்புத் தொட்டிப் பாலம், உள்ளே தண்ணீரோடு ஏறத்தாழ 1,450 டன் எடையைச் சுமந்தபடி திரும்பிக் கப்பலுக்கு வழிவிடும். கல் வளைவுகள் மட்டும் தெரிந்தால் படம் 1894-க்கு, அதாவது கப்பல் கால்வாய் திறப்புக்கு, முந்தையது.

ஏமாற்றும் பாலங்களும் உண்டு. லாட்ச்ஃபோர்டிலும் வார்பர்டனிலும் உள்ள உயர்ந்த எஃகுப் பாலங்கள் தோற்றத்தில் நெருங்கியவை. சுற்றிலும் வீடுகளா, வயலா என்று பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. கண்ணாடி நெகட்டிவை மாற்றிப் போட்டு அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். அப்போது கப்பலின் பெயர் எழுத்துகளே உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் வீட்டுப் பழைய படங்களின் பின்புறத்திலும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

(தொடரும்)