சூரைச்செடியின் அடியில் ஓர் உறக்கம்



இறைவாக்கினர் எலியாவின் வாழ்வில், நாம் அதிகம் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினரை வென்று நின்றவர் எலியா. ஆனால் அரசி ஈசபேலின் கொலை மிரட்டல் வந்ததும் உயிருக்கு அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளரை விட்டுவிட்டுப் பாலைநிலத்தில் ஒரு நாள் தொலைவு தனியாக நடக்கிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் மன்றாடுகிறார். பிறகு அப்படியே படுத்து உறங்கிவிடுகிறார்.

அப்போது இறைவன் என்ன செய்தார்? அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவரது நம்பிக்கை குறைந்துவிட்டது என்று குற்றம் சொல்லவில்லை. அவரை உறங்க விட்டார். பின்னர் வானதூதர் வந்து தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டார், குடித்தார், மீண்டும் படுத்துக்கொண்டார். வானதூதர் இரண்டாம் முறையும் வந்து தட்டி எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பிறகே ஓரேபு மலை நோக்கிய நாற்பது நாள் பயணம் தொடங்கியது. 'ஏன் இங்கே வந்தாய்' என்பது போன்ற கேள்வியை ஆண்டவர் அந்த மலையில்தான் கேட்டார். சாக விரும்பிய ஒரு மனிதருக்கு அவர் அளித்த முதல் மருந்து உறக்கமும் உணவும், அருகே வந்து தொட்ட ஒரு கரமும் ஆகும்.

நாம் சொல்லும் பதில்

"சாமி, இரவெல்லாம் தூக்கமே இல்லை" என்று பங்கு மக்கள் நம்மிடம் வந்து சொல்வதுண்டு. "செபமாலை சொல்லிக்கொண்டே படுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். செபம் நல்லதே. ஆனால் பல வாரங்களாகத் தூக்கமின்றித் தவிக்கும் ஒருவருக்கு அது மட்டும் போதும் என்று நினைப்பது தவறு.

இந்தத் தவற்றை நாமும் செய்திருக்கிறோம். நாம் பணியாற்றிய ஒரு பங்கில், நல்ல இளைஞர் ஒருவர் திடீரென்று மிகுந்த ஆர்வத்தோடு கோவில் வேலைகளில் ஈடுபட்டார். இரவு இரண்டு மணிக்கும் எழுதிக்கொண்டிருப்பார். விடியுமுன்பே கோவில் வாசலில் நிற்பார். ஆண்டவர் தம்மைப் பெரிய பணிக்கு அழைக்கிறார் என்று நிறுத்தாமல் பேசுவார். நான்கு நாள்களாகத் தாம் தூங்கவில்லை என்றும், களைப்பே இல்லை என்றும் அவரே சொன்னார். அவருடைய ஆர்வத்தை நாம் மக்கள் முன்னிலையில் பாராட்டினோம். இரண்டு வாரங்களுக்குள் அவருடைய தாய் அழுதுகொண்டு வந்தார். மகன் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். தூக்கம் தேவைப்படாமல் போவது அந்த நோயின் தெளிவான அறிகுறி என்பதை அப்போதுதான் நாம் அறிந்தோம். முன்பே அறிந்திருந்தால், அந்தத் தாயிடம் முதல் வாரத்திலேயே பேசியிருக்கலாம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வருத்தமே.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

புளியமரத்தின் இலைகள் மாலையில் மூடிக்கொள்வதையும் காலையில் விரிவதையும் நாம் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறோம். வெளிச்சத்தைக் கண்டு இலைகள் விரிகின்றன என்றே எவரும் நினைப்பார்கள். 1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானியலார் தெ மெரான், தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாத இடத்திலும் அதன் இலைகள் பகல் வேளையில் விரிந்தன, இரவு வேளையில் மூடின. நேரத்தைக் காட்டும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இது முதல் சான்றாக அமைந்தது.

மனிதருக்குள்ளும் அத்தகைய கடிகாரம் உண்டு. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதி அது. உறக்கம், விழிப்பு, உடல் வெப்பம், பசி, இயக்குநீர்களின் சுரப்பு ஆகியவற்றுக்கு அதுவே நேரம் குறிக்கிறது. இக்கடிகாரம் அணுக்களுக்குள் இயங்கும் முறையைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதரின் உள்கடிகாரத்தின் ஒரு சுற்று, சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. எனவே அதை நாள்தோறும் சரிசெய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்வது முக்கியமாகக் காலை வெளிச்சம். நம் விழித்திரையில், பகலா இரவா என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் தனிவகை அணுக்கள் இருப்பதை 2002-இல் அறிவியலார் கண்டறிந்தனர். அவை நீல நிற ஒளிக்கு மிகுதியாக வினை புரிகின்றன. இரவில் சுரந்து உறக்கத்திற்கு வழி செய்யும் மெலடோனின் என்னும் இயக்குநீர், வெளிச்சம் பட்டால் குறைந்துவிடுகிறது. நள்ளிரவில் கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவர், இன்னும் பொழுது சாயவில்லை என்று தம் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உறக்கமும் மனமும்

மனச்சோர்வு வந்தால் தூக்கம் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். தூக்கம் கெட்டாலும் மனம் நோயுறும் என்பதை மருத்துவ உலகம் இப்போது வலியுறுத்துகிறது. பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த, தூக்கமின்மையால் துன்புற்ற 3,755 மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு இணையம் வழியாகத் தூக்கச் சிகிச்சை வழங்கப்பட்டது. மறு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் இருந்தது. சிகிச்சை பெற்றவர்களுக்குத் தூக்கம் சீரானது. பிறர் தமக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற சந்தேக எண்ணங்களும் இல்லாத குரல்கள் கேட்பது போன்ற அனுபவங்களும்கூட அவர்களிடம் குறைந்தன.

மேலே சொன்ன இளைஞருக்கு வந்தது இருதுருவ மனநோய். அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய் இது. இதில் உறக்கத்தின் ஒழுங்கு மிக முக்கியம். சில இரவுகள் தூக்கம் கெடுவதே ஒருவரை உற்சாகத்தின் எல்லைக்கு மேல் தள்ளிவிடக்கூடும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் எலன் ஃபிராங்க் என்னும் உளவியலாரும் அவருடன் பணியாற்றியவர்களும், அன்றாட வாழ்வின் ஒழுங்கைச் சீராக்கும் ஒரு சிகிச்சை முறையை வகுத்தனர். அதில் நோயாளர் நாள்தோறும் ஐந்து நேரங்களைக் குறித்து வைக்கிறார்: படுக்கையிலிருந்து எழுந்த நேரம், முதன்முதலில் இன்னொரு மனிதரோடு பேசிய நேரம், வேலையோ படிப்போ தொடங்கிய நேரம், இரவு உணவு உண்ட நேரம், படுக்கச் சென்ற நேரம். இந்த ஐந்தும் நாளுக்கு நாள் அதிகம் மாறாமல் பார்த்துக்கொள்வது மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டிய ஒரு பயிற்சி. இன்னொரு மனிதரைச் சந்திக்கும் நேரமும் இப்பட்டியலில் இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள்.

கருவிகள் செய்வதும் செய்யாததும்

இன்று கைப்பேசிச் செயலிகளும், மணிக்கட்டில் அணியும் மின்னணுக் கடிகாரங்களும் உறக்கத்தைக் கணக்கிடுகின்றன. இவற்றை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில் தர வேண்டியது, தவறான எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சிச் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. அப்பயிற்சியை வழங்கும் ஸ்லீப்பியோ என்னும் செயலியைத் தூக்க மாத்திரைக்கு மாற்றாகப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வழிகாட்டியது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் குறைவாக உள்ள இடங்களில் இத்தகைய கருவி ஒரு கொடையே.

ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, கருவியிடம் ஒப்படைத்துவிட்டால் மட்டும் போதாது. பிரிட்டன் மாணவர் ஆய்வில், ஆறு அமர்வுகளையும் முடித்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. டென்மார்க்கில் இருதுருவ மனநோயாளரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், தங்கள் நிலையைக் கைப்பேசியில் நாள்தோறும் பதிவு செய்ததால் நோயின் அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

இரண்டாவது, அளவே கவலையாகிவிடக்கூடும். கருவி காட்டும் எண்ணைப் பார்த்துப் பார்த்து, தூக்கம் குறைந்துவிட்டதே என்ற பதற்றத்தால் தூக்கத்தை இழந்தவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2017-இல் எழுதினார்கள். இவை உறக்கத்தின் படிநிலைகளைத் துல்லியமாக அளக்கும் மருத்துவக் கருவிகளும் அல்ல.

மூன்றாவது, எல்லாருக்கும் ஒரே முறை பொருந்தாது. படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது தூக்கமின்மைச் சிகிச்சையின் ஒரு பகுதி. இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கோ அதுவே ஆபத்தாகலாம். அவர்கள் மருத்துவரின் மேற்பார்வையின்றி இதைச் செய்யக் கூடாது. உட்கொண்டு வரும் மாத்திரைகளைத் தாமாகத் திடீரென நிறுத்தவும் கூடாது.

திருஅவையின் பட்டறிவு

தூக்கத்தைச் சோம்பலின் அடையாளமாகவும், கண்விழிப்பைப் பக்தியின் அடையாளமாகவும் மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நம் முன்னோர்கள் இதைவிட ஞானத்தோடு நடந்துகொண்டார்கள். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய துறவற ஒழுங்கு, குளிர்காலத்தில் துறவியர் இரவின் பாதிக்குச் சற்று மேலாக உறங்கி எழ வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. இரவு செபத்திற்குப் பிறகு யாரும் பேசக் கூடாது என்றும் விதிக்கிறது. பாலைநிலத் தந்தை பொய்மென் என்பவரிடம், செப வேளையில் தூங்கி விழும் சகோதரரை எழுப்பலாமா என்று மூத்தவர்கள் கேட்டார்களாம். அவரோ, அந்தச் சகோதரரின் தலையைத் தம் மடியில் வைத்து ஓய்வுகொள்ளச் செய்வதாகப் பதில் சொன்னாராம். கெத்சமனியில் சீடர்கள் உறங்கியதற்குக் காரணம் துயரமே என்று குறிப்பிடும் நற்செய்தியாளர், மருத்துவர் என்று அறியப்பட்ட லூக்கா ஒருவரே. அளவுக்கு மீறிய உறக்கமும் மனத்துயரின் அடையாளமாக இருக்கலாம் என்பதை இன்றைய மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில்: விடுமுறை நாள் உட்பட எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழுவோம். எழுந்ததும் சிறிது நேரம் வெளியே வெளிச்சத்தில் நிற்போம். காலைத் திருப்பலிக்கு நடந்து வருவதும் இதற்கு உதவும். குடும்ப செபம் முடிந்ததும் பெற்றோர் உட்பட அனைவரும் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்போம். படுத்து நெடுநேரம் தூக்கம் வராவிட்டால், புரண்டுகொண்டிராமல் எழுந்து அமைதியாக அமர்ந்திருந்து, தூக்கம் வரும்போது மீண்டும் படுப்போம். படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் குறித்தால், மருத்துவரிடம் காட்ட அது போதும்.

பங்கில்: திருவிழாக் காலத்தில் இரவு வெகுநேரம் ஒலிபெருக்கி வைப்பதை நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதைத் தடுக்கின்றன. நம் கோவிலைச் சுற்றி வாழும் நோயாளிகளும் மாணவர்களும் உறங்குவதற்கு இடம் தருவதும் பிறரன்பே. முழு இரவு செப வழிபாடுகளில் கலந்துகொள்ள வேண்டாம் என்று மருத்துவர் சொன்னவர்களை, நம்பிக்கை குறைந்தவர்கள் என்று எவரும் பேசாதிருக்கட்டும்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது தூங்காமலே ஒருவர் களைப்பின்றி அளவுமீறிய உற்சாகத்தோடு இருந்தால், அல்லது வாழ்வே வேண்டாம் என்று பேசினால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

அன்பர்களே, எலியா தம் பணியாளரை விட்டுவிட்டுத் தனியாகவே பாலைநிலத்துக்குப் போனார். ஆண்டவர் அவரைத் தனியாக விடவில்லை. முதலில் வானதூதரை அனுப்பினார், இறுதியில் எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். நம் தெருவிலும் இன்றிரவு யாரோ ஒருவர் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடக்கலாம். நாளைக் காலை அவரை முதலில் சந்தித்து, "நேற்று தூங்கினீர்களா?" என்று கேட்பவர் நாமாக இருக்கட்டும். தூங்கவில்லை என்று அவர் சொன்னால், அறிவுரை சொல்ல அவசரப்படாமல் அவரோடு அமர்ந்து உண்போம். பிறகு மருத்துவரிடம் செல்ல உடன் நடப்போம்.

உறங்காமல் நம்மைக் காக்கும் இறைவன், உறக்கமின்றித் தவிக்கும் அனைவருக்கும் அமைதியான இரவைத் தருவாராக! ஆமென்.