இரண்டாம் பாதிக்கு மிச்சம் வேண்டும்

2023 அக்டோபரில், சிகாகோ மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை 2 மணி 35 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார், மறைந்த கென்ய வீரர் கெல்வின் கிப்டம். முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 வினாடி. இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 வினாடி. களைத்துத் தளர வேண்டிய நேரத்தில்தான் அவர் வேகம் கூடியிருக்கிறது. 2018-இல் பெர்லினில் எலியுட் கிப்சோகே சாதனை படைத்தபோதும் இரண்டாம் பாதிதான் விரைவாக முடிந்தது. இதற்குக் காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கிலோ கலோரிக்குத்தான் வரும். வேகம் ஏற ஏற, உடல் கொழுப்பைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டு இந்தக் கையிருப்பைத்தான் எரிக்கிறது. எடுத்த எடுப்பிலேயே பாய்கிறவருக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் அது வற்றிவிடும். தொடக்கத்தில் வினாடிக் கணக்கில் சேர்த்ததை அங்கே நிமிடக் கணக்கில் இழக்க நேரும்.

உழைப்புக்கும் இதே கணக்குதான். பந்தயத்துக்கு முடிவுக்கோடு உண்டு, வேலைக்கு ஏது என்று கேட்கலாம். கோடு இல்லாததால்தான் கணக்கு இன்னும் கண்டிப்பாகிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை உட்பட வாரம் 70 மணி நேரம்கூட உழைத்தார்கள். அவர்கள் செய்து முடித்த பொருட்களின் எண்ணிக்கை அன்றே பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுகளைப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் ஆராய்ந்து 2014-இல் எழுதினார். வாரம் சுமார் 49 மணி வரை நேரத்துக்கு ஏற்ப உற்பத்தி ஏறியது. அதற்குமேல் ஏற்றம் தளர்ந்தது. 70 மணி உழைத்த வாரத்தின் உற்பத்திக்கும் 56 மணி வாரத்தின் உற்பத்திக்கும் பெரிய வேறுபாடே இல்லை. அந்தப் 14 மணி நேரமும் அந்தப் பெண்களின் தூக்கத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் பிடுங்கப்பட்டது. போர்முனைக்கு அதனால் கிடைத்தது அற்பம்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: முழு மூச்சாய்ப் பாய்ந்து வென்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் 800 மீட்டரில் டேவிட் ருடிஷா முதல் சுற்றை 49.28 வினாடியில் ஓடினார். இரண்டாவது சுற்றில் வேகம் குறைந்தும் 1:40.91 என்ற உலக சாதனையோடு முடித்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டத்தில் அது சரியான முடிவு. வெள்ள நிவாரணம், அறுவடை, தேர்வுக்கு முந்தின வாரம் இவையெல்லாம் அந்த வகை. ஆனால் முப்பது ஆண்டு நீளும் பணிவாழ்வை 800 மீட்டராக எண்ணி ஓடச்சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்தியாவில் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற பேச்சு 2023-இல் எழுந்ததே, அதைச் சொல்கிறேன். வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணித்திருக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கிப்டம் தன் வேகத்தைத் தானே தீர்மானித்தார். துண்டுக் கூலிக்குத் தைப்பவரும் மூட்டை சுமப்பவரும் அப்படித் தீர்மானிக்க முடியாது. அவர்களிடம் நிதானத்தைப் போதிப்பது அநியாயம். பிரிட்டனில் 1915-இல் அமைந்த வெடிமருந்துத் தொழிலாளர் உடல்நலக் குழு தொழிலாளர்களுக்கு அறிவுரை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்துங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதியது.