பாடசாலை வாசலில் யார் பார்த்து நடக்க வேண்டும்?



காலையில் பிள்ளைக்குத் தலைவாரி, சாப்பாட்டுப் பெட்டியைப் புத்தகப் பையில் வைத்து, வாசல்வரை வந்து நீங்கள் கடைசியாகச் சொல்லும் வார்த்தை எது? "பாத்துப் போ மகள்." "றோட்டப் பாத்துக் கடக்கணும் மகன்." எங்கள் உம்மாவும் எங்களுக்கு இதைத்தான் சொன்னார்கள். நானும் பதினெட்டு வருடங்களாக வகுப்பறையில் இதையே சொல்லி வந்திருக்கிறேன். அந்த வார்த்தையில் பிழையில்லை. சொல்லிவிட்டோம், இனிப் பிள்ளையின் பொறுப்பு என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோமே, அங்கேதான் பிழை. இதை எனக்கு விளங்கவைத்தவன் ஐந்தாம் தரத்தில் படித்த ஒரு மாணவன்.

நான் கற்பிக்கும் பாடசாலை கொழும்பு நகரில், வாகனங்கள் ஓயாத ஒரு வீதியில் இருக்கிறது. பிற்பகல் 1.30க்கு மணி அடித்ததும் அந்த வாசலைப் பார்க்க வேண்டும்! வேன்கள் இரண்டு வரிசையாக நிற்கும். அவற்றுக்கு வெளியே முச்சக்கர வண்டிகள். நடைபாதையில் அச்சாறு, மாங்காய் விற்பவர்கள். மிச்ச இடத்தில் பெற்றோரின் மோட்டார் சைக்கிள்கள். சிறிய வகுப்புகள் முன்னரே விட்டிருந்தாலும், நானாமாருக்கும் தாத்தாமாருக்கும் காத்திருக்கும் சின்னஞ்சிறுசுகள் வேன்களைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பாடசாலை முந்தி விடும்போது, பள்ளிக்கு வருவோரின் வாகனங்களும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இப்படியான ஒரு நாளில்தான் அந்தப் பிள்ளை இரண்டு வேன்களுக்கு இடையிலிருந்து வீதிக்கு வந்தான். ஒரு மோட்டார் சைக்கிள் அடித்தது. அல்லாஹ் உயிரைக் காப்பாற்றினான். கால் எலும்பு முறிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனது உம்மா கட்டிலருகே அமர்ந்திருந்தார். "எத்தன தரம் சொல்லி அனுப்பின நான் சேர்" என்று அழுதார். நானும் ஆசிரியர் என்ற தோரணையில், "பாத்து வந்திருக்கக் கூடாதா மகன்?" என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "பாத்துத்தான் வந்தன் சேர். வேன் மட்டுந்தான் தெரிஞ்சிச்சு" என்றான்.

அடுத்த நாள் வாசல் வெறிச்சோடிய பின்னர், கடைசியாக நின்ற வேனின் பக்கத்தில் போய்ப் பத்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குந்திப் பார்த்தேன். காவலாளி ஏதோ தொலைத்துவிட்டேன் என நினைத்துத் தேட வந்துவிட்டார்! எனக்குத் தெரிந்தது ஒரு சில்லும் வேனின் கதவும் மாத்திரமே. வீதியைப் பார்க்க வேண்டுமானால் வேனுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டும். தலை வெளியே வரும்போது காலும் வீதியில் இருக்கும். பிள்ளை சொன்னது உண்மை. அவன் பார்த்தான். பார்ப்பதற்கு நாம் அவனுக்கு இடம் விட்டிருக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வாரம் வரையில் எனது மோட்டார் சைக்கிளும் வாசலருகே உள்ள மர நிழலில், நடைபாதையின் மேல்தான் நின்றது.

சகோதரிகளே, பெரியவர்களுக்குத் தெரிகிற வீதி பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. உயரம் மாத்திரம் காரணமல்ல. தூரத்தில் வரும் வாகனம் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதை அளவிடும் ஆற்றல் வளர வளரத்தான் வருகிறது. மணிக்கு 30 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டிய வேகத்தில் வரும் வாகனத்தைக்கூட ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளால் சரியாக மட்டிட முடிவதில்லை என்று இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் வாப்பாவைக் கண்டுவிட்டால் பிள்ளையின் முழுக் கவனமும் வாப்பாவிடம் போய்விடும். இது ஒழுக்கக் குறைவல்ல. அடித்தோ ஏசியோ மாற்றக்கூடியதுமல்ல.

எனவே வேகத்தைக் குறைக்க வேண்டியவர் வாகனம் ஓட்டுபவரே. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் சுமார் 14 மீற்றர் ஓடிவிடும். 30 கிலோமீற்றர் வேகமாயின் 8 மீற்றருக்குச் சற்று அதிகம். பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கச் சாரதிக்கு ஏறக்குறைய ஒரு வினாடி செல்லும். 30இல் வந்தவர் காய்ந்த வீதியில் 13 மீற்றரளவில் முழுதாக நின்றுவிடுவார். 50இல் வந்தவரோ அந்த 13 மீற்றரில் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார்! ஒருவர் நின்றுவிட்ட அதே இடத்தில் மற்றவர் வேகம் சற்றும் குறையாமல் பிள்ளையை மோதுகிறார். மழை நாளில் நிலைமை இதைவிட மோசம். நமது நாட்டில் நகர்ப்புறத்தில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் இந்த 50தான். சட்டத்தை மீறாமலேயே ஒருவர் இப்படி மோதிவிடலாம். 2020ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் நகரில் கூடிய உலக நாடுகளின் வீதிப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் வாகனங்களோடு கலக்கும் இடங்களில் 30க்கு மேல் வேண்டாம் என்று பிரகடனம் செய்தது சும்மா அல்ல. ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரையானவர்கள் உலகில் அதிகமாக மரணிப்பது எந்த நோயினாலும் அல்ல, வீதி விபத்தினாலேயே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எமது சிறிய நாட்டிலும் ஆண்டுதோறும் 2000க்கும் அதிகமான உயிர்கள் வீதியில் போகின்றன.

"இதற்கெல்லாம் வீட்டில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது ஹஸரத்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒல்லாந்துத் தாய்மார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

ஒரு காலத்தில் நமது கரையோரங்களை ஆண்ட அந்த ஒல்லாந்தரின் நாடு இன்று சைக்கிளுக்குப் பேர்போனது. எப்போதும் அப்படியே இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1971ஆம் ஆண்டில் மாத்திரம் அங்கே வீதி விபத்துகளில் 3000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் சிறுவர்கள். மகளை வீதியில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் 1972இல், 'சிறுவர் கொலையை நிறுத்துங்கள்' என்று தலைப்பிட்டு எழுதினார். அதே பெயரில் ஓர் இயக்கம் பிறந்தது. அதன் முதல் தலைவி மார்த்யே வான் புட்டன் ஓர் இளம் தாய். விபத்து நடக்கும் சந்திகளை மறித்தார்கள். வீதியை மூடி மேசை போட்டு, அயலவர்கள் கூடி உணவு உண்டார்கள். பிரதமரின் வீட்டு வாசலுக்கே பாட்டுப் பாடிச் சென்று, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான வீதி கேட்டார்கள். "எங்கள் பிள்ளைகளுக்குக் கவனம் போதாது" என்று அவர்கள் சொல்லவில்லை. "உங்கள் வீதிகள் சரியில்லை" என்றார்கள். வீதிகள் மாறின. வாகனம் மெதுவாக ஊர வேண்டிய குடியிருப்பு வீதிகளுக்கு 1976இல் சட்டமே வந்தது. சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் நாடெங்கும் விரிந்தன. 2023இல் அங்கே வீதியில் இறந்தோர் தொகை 700க்கும் குறைவு. அங்கும் பிள்ளைகளுக்கு வீதி ஒழுங்கு கற்பிக்கிறார்கள், பதினொன்று பன்னிரண்டு வயதில் சைக்கிள் பரீட்சையும் வைக்கிறார்கள். வீதியைத் திருத்திய பிறகுதான் பிள்ளையைப் பரீட்சிக்கிறார்கள்!

சைக்கிளைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். கொழும்பில் பாடசாலைக்குச் சைக்கிளில் வரும் பிள்ளைகள் குறைவு. பெற்றோருக்குப் பயம். ஆனால் எங்கள் கிழக்கிலங்கைப் பட்டினங்களில் பெண் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக மிதித்து வரும் காட்சி கண்ணுக்குக் குளிர்ச்சியானது. அவர்களின் உம்மாமார் கவனிக்க வேண்டியது பின்சில்லை. அபாயாவும் ஷோலும் சங்கிலியிலோ கம்பிகளிலோ சிக்கினால் பிள்ளை விழுவது வீதிக்கு நடுவில்தான். பின்சில்லுக்கு வலையும் சங்கிலிக்கு மூடியும் போடச் செலவு அதிகமில்லை. அதிகாலை வகுப்புக்கும் மஃரிபுக்குப் பிந்திய டியூஷனுக்கும் கறுப்பு உடையில் செல்லும் பிள்ளையைச் சாரதி காண்பதே இல்லை. பின்னால் ஒரு சிவப்பு வெளிச்சம் கட்டாயம் வேண்டும். தங்கச்சியை முன்பாரில் ஏற்றிக்கொண்டு போவதை நாம் பாசம் என்கிறோம். அந்தச் சைக்கிளை அவசரத்துக்குத் திருப்ப முடியாது. தான் மட்டும் ஹெல்மட் அணிந்து மூன்று பிள்ளைகளைத் தலை திறந்தபடி மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் வாப்பாவைப் பற்றி நான் எழுதினால் கட்டுரை கசந்துவிடும்.

பாதைகளில் அமர்வதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் தோழர்களை எச்சரித்ததும், தவிர்க்க முடியாவிட்டால் பாதையின் உரிமையைக் கொடுங்கள் என்று பணித்ததும் புஹாரி, முஸ்லிம் கிரந்தங்களில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த உரிமைகளில் ஒன்று, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது. பல வருடங்களாக அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வெளியே வந்து நடைபாதையில் நிறுத்திய மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனவன் நான்.

விபத்துக்குப் பின் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடியது. "பிள்ளைகளுக்கு நல்லாச் சொல்லிக் குடுக்கணும்" என்றுதான் முதலில் எல்லோரும் பேசினார்கள். ஓர் உம்மா எழுந்து, "வேன நாங்கதானே அங்க நிப்பாட்டச் சொல்ற?" என்று கேட்டபோது சபை அமைதியானது. வாசலின் இருபுறமும் எந்த வாகனமும் நிற்பதில்லை என்று அன்று முடிவானது. வேன்கள் பள்ளிவாசல் மதிலைத் தாண்டி நிற்கும். பிள்ளைகள் ஆசிரியரோடு வரிசையாக நடந்துபோய் ஏறுவார்கள். ஜப்பானில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் மூத்த மாணவர் முன்செல்லக் குழுவாக நடந்துவருவதை ஒருவர் நினைவூட்டினார். அதே பிரகாரம் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெரிய பிள்ளையைப் போட்டோம். மஞ்சள் கடவையில் தாய்மார் இருவர் முறைவைத்து நிற்கிறார்கள்.

எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்று சொன்னால் பொய்யாகிவிடும். வெயிலில் பிள்ளை நடக்க வேண்டுமா என்று சிலருக்குக் கோபம். நடக்கும் தூரம் 150 மீற்றர்கூட வராது! பெரிய வாகனத்தில் வரும் ஒரு தகப்பன் இன்னும் வாசலிலேயே நிறுத்துகிறார். மழை பெய்தால் ஒழுங்கு குலைந்துவிடுகிறது.

வேகத்தடை கேட்டு எழுதியதிலும் ஒரு தவறு செய்தோம். எங்கள் வீதி யாருடைய பொறுப்பு என்று விசாரியாமலே கடிதம் போட்டு நான்கு மாதங்களை இழந்தோம். உங்கள் பாடசாலைக்காக எழுதுவதானால் இதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஏ, பீ இலக்கமிட்ட பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. உள் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் மாநகர சபையிடமோ நகர சபையிடமோ இருக்கும். வாகனம் நிறுத்தத் தடை வேண்டுமானால் போக்குவரத்துப் பொலிஸையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடிதத்தோடு வாசலின் 1.30 மணிப் படம் ஒன்றையும், கடவை இருக்கும் இடத்தைக் குறித்த ஒரு கை வரைபடத்தையும் இணைத்தால் வாசிப்பவருக்கு விளங்கும். படத்தைப் பிள்ளையின் உயரத்தில் குந்தியிருந்து எடுங்கள்.

எங்களது மூன்றாவது கடிதம் இப்போது தயாராகிறது. தபாலில் அனுப்புவதில்லை, கையிலேயே கொடுப்பது என்று தாய்மார் முடிவு செய்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பதினொரு பேர் போகிறார்கள். கால் முறிந்த பிள்ளையின் உம்மாவும் அவர்களில் ஒருவர். அவன் நடக்கத் தொடங்கிவிட்டான். வரைபடத்துக்கு நிறம் தீட்டியது அவன்தான்.