நகர நெருக்கடியில் வானொலி மீடிறன் கதிர்ப்பு

மாணவர்களே, கொழும்பு புறக்கோட்டை போன்ற சனநெருக்கடி மிக்க இடத்தில் உங்களைச் சுற்றி ஏராளமான கையடக்கத் தொலைபேசிகள் இயங்குகின்றன. கட்டடங்களின் மேலே அன்ரனாக்களும் காணப்படுகின்றன. இவற்றின் அலைகள் உடலுக்குத் தீங்கானவையா? நீங்கள் கற்ற விஞ்ஞானத்தைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

1. எவ்வகைக் கதிர்ப்பு?
எக்ஸ் கதிரும் காமா கதிரும் அணுக்களிலிருந்து இலத்திரன்களை அகற்றி அவற்றை அயனாக்க வல்லன. தொலைபேசிகள் பயன்படுத்தும் 900, 1800 மெகாஹேட்ஸ் அலைகளில் ஒரு போட்டனின் சக்தி, அயனாக்கத்துக்குத் தேவையான சக்தியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. எனவே இவை அயனாக்காத கதிர்ப்பாகும். இவற்றின் செறிவு மிக அதிகமாயின் உடல் இழையங்கள் சூடாகும்.

2. தூரமும் செறிவும்
20 வாற்று வலுவை எல்லாத் திசைகளிலும் சமமாகச் செலுத்தும் ஒரு முதலைக் கருதுக. வலுவைக் கோளத்தின் மேற்பரப்பளவால் வகுத்தால் செறிவு கிடைக்கும்.

10 மீற்றர் தூரத்தில்: 20 ÷ (4 × 3.14 × 10 × 10) = சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 0.016 வாற்று
20 மீற்றர் தூரத்தில்: சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 0.004 வாற்று

தூரம் இருமடங்காகும்போது செறிவு நான்கில் ஒன்றாகிறது. ஆனால் உண்மையான அன்ரனா தனது வலுவைப் பெரும்பாலும் முன்பக்கமாகக் குவித்துச் செலுத்தும். ஆகவே கூரையிலுள்ள அன்ரனாவின் முன்னே நெருங்கி நிற்றல் ஆகாது.

3. பாதுகாப்பு எல்லை
அயனாக்காத கதிர்ப்புப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1998 இல் வெளியிட்டு 2020 இல் புதுப்பித்த வழிகாட்டலின்படி, பொதுமக்களுக்கான எல்லை 900 மெகாஹேட்ஸில் சதுர மீற்றருக்கு 4.5 வாற்றும் 1800 மெகாஹேட்ஸில் 9 வாற்றும் ஆகும்.

4. பலர் கவனிக்காத விடயம்
கோபுரம் தொலைவில் உள்ளது. தொலைபேசியோ காதோடு ஒட்டியுள்ளது. ஆகையால் தலைக்குக் கிடைக்கும் கதிர்ப்பில் பெரும்பங்கு சொந்தத் தொலைபேசியிலிருந்தே வருகிறது. சமிக்ஞை நலிவாக உள்ள இடத்தில் தொலைபேசி தனது வலுவைக் கூட்டிச் செலுத்தும்.

5. புற்றுநோய் பற்றிய ஐயம்
உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் இக்கதிர்ப்பை "புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்" எனும் 2பி தொகுதியில் சேர்த்தது. இதன் பொருள், சான்றுகள் மட்டுப்பட்டவை என்பதே. தீங்கு நிரூபிக்கப்பட்டது என்பதன்று. எனவே வீண் அச்சம் வேண்டாம். எளிய முன்னவதானம் போதும். காதுக்கருவியைப் பயன்படுத்துங்கள். சமிக்ஞை நலிவாக உள்ளபோது உரையாடலைச் சுருக்குங்கள்.

நினைவிற்கொள்க: "கதிர்ப்பு" என்ற சொல்லைக் கண்டதும் "அயனாக்கும்" என விடையெழுதிப் புள்ளிகளை இழக்க வேண்டாம்.

பயிற்சி வினா: "ஊரிலுள்ள ஒரேயொரு கோபுரத்தை அகற்றினால் தொலைபேசிப் பாவனையாளரின் தலைக்குக் கிடைக்கும் கதிர்ப்பு குறையும்." இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? காரணம் தருக.