டீசல் ஊர்தியின் எரிபொருட் குற்றங்களும் அவற்றை ஆராயும் முறையும்

மன்னார்க் குடாக் கரையில், அரிப்புக்குத் தெற்கே, முசலிப் பிரதேசத்தில் அமைந்துள்ளது சிலாவத்துறை. முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களிற் பல நாட்டு வணிகரும் வந்து கூடிய அக்கரையில் இன்று மீன்பிடியும் நெல் வேளாண்மையுமே மக்கள் வாழ்க்கைக்கு ஆதாரமாயுள்ளன. கரைசேர்ந்த மீனைப் பனிக்கட்டியிட்டு வெளியூர்ச் சந்தைக்கு ஏற்றிச்செல்லும் லொறியும், வயலை உழும் உழவு இயந்திரமும், நோயாளரை மன்னார் நகருக்குக் கொண்டுசெல்லும் வானும் பெரும்பாலும் டீசலால் இயங்குவன. இவற்றுள் ஒன்று நடுவழியில் நின்றுவிடின் பனிக்கட்டி உருகும், மீன் கெடும், பலருடைய உழைப்பு வீணாகும். நோயாளர் இருப்பின் இழப்பு அதனினும் பெரிதாகலாம்.

நின்ற வண்டியைக் கண்டவுடன், பம்பி பழுதாகிவிட்டது என்று கூறி அதனைக் கழற்ற முற்படுவோர் பலர். பீச்சற் பம்பியோ வண்டியின் விலைமிக்க உறுப்புகளுள் ஒன்று. அதனைச் சோதிக்கும் பொறி எல்லா ஊர்களிலும் இல்லை. ஆயினும் எரிபொருட் குற்றங்களுட் பல, எரிபொருள் அப்பம்பியை அடையும் முன்னரே, தாங்கியிலும் குழாயிலும் வடிகட்டியிலும் தோன்றுவன. அவற்றைக் கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. எரிபொருள் செல்லும் வழியை அறிந்து, அவ்வழியே முறையாகத் தேடும் பொறுமை இருப்பிற் போதும்.

பெற்றோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளை மூட்டுகின்றது. டீசல் எஞ்சினில் அத்தகைய பொறி இல்லை. ஜெர்மானியப் பொறியியலாளர் ருடோல்ப் டீசல் 1892 ஆம் ஆண்டில் உரிமப் பத்திரத்துக்கு விண்ணப்பித்து, 1897 இல் ஒக்ஸ்பேர்க் நகரில் வெற்றியுற இயக்கிக் காட்டிய எஞ்சின், காற்றின் வெப்பத்தையே துணையாகக் கொண்டது. உருளையுட் புகுந்த காற்று ஏறத்தாழ 16 முதல் 22 மடங்கு வரை நெருக்கப்படும்போது, அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கு மேல் உயரும். அந்நேரத்தில் டீசல் நுண்துளிகளாக உள்ளே பீச்சப்பட்டால் தானே தீப்பற்றும். நெருக்குண்ட காற்றை எதிர்த்து, உரிய கணத்தில், உரிய அளவு டீசலைப் பீச்சுவதற்கு மிகுந்த அமுக்கம் வேண்டும். பழைய வகை எஞ்சின்களிலும் அது வளிமண்டல அமுக்கத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்டது. இத்தொழிலுக்குரிய பம்பியை ரொபேட் பொஷ் அவர்களின் தொழிற்சாலை 1927 இல் பெருந்தொகையாக ஆக்கத் தொடங்கியது. 1936 இல் மேர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் டீசல் கார் விற்பனைக்கு வந்தது.

எரிபொருளின் வழியை அறிய, முசலி மக்கள் நன்கறிந்த அகத்திமுறிப்புக் குளத்தை எண்ணிப் பார்க்கலாம். குளத்து நீர் துருசு வழியாக வெளிப்பட்டு, வாய்க்காலில் ஓடி, கடைசி வயலைச் சேர்கின்றது. அவ்வாறே தாங்கியிலுள்ள டீசலை ஊட்டு பம்பி இழுக்கின்றது. வடிகட்டி அதனைத் தூய்மையாக்குகின்றது. பீச்சற் பம்பி அதற்கு உயர் அமுக்கத்தை ஊட்டுகின்றது. பட்டறைகளில் நொசில் எனப்படும் பீச்சி அதனை உருளையுள் தெளிக்கின்றது. சில வண்டிகளில் ஊட்டு பம்பி பீச்சற் பம்பியின் உள்ளேயே அமைந்திருக்கும். கடைசி வயலுக்கு நீர் வாராவிடின், வேளாளன் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. துருசிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து, எங்கே நீர் தடைப்பட்டது எனக் காண்கின்றான். எரிபொருட் குற்றத்தைத் தேடும் முறையும் இதுவே.

முதற்கண், குற்றம் எரிபொருளைச் சார்ந்ததுதானா என்பதைத் துணிதல் வேண்டும். எஞ்சினைச் சுழற்றும்போது அது வழக்கமான வேகத்திற் சுழன்றும் தொடங்காமல், புகைக்குழாயிற் புகை சிறிதும் தோன்றாவிடின், டீசல் உருளையை அடையவில்லை என்பது தெளிவு. வெண்புகை எழுமாயின் டீசல் வந்தும் எரியவில்லை எனக் கொள்ளலாம். அப்போது முன்சூடேற்றியையும் உருளையின் நெருக்கத்தையும் பீச்சும் நேரத்தையும் ஆராய்தல் வேண்டும். கரும்புகை, காற்றுக் குறைந்ததையோ டீசல் மிகுந்ததையோ காட்டும். பற்றரி வலுவிழந்து எஞ்சின் மெல்லச் சுழலுமாயின், எரிபொருட் குழாயைக் கழற்றுவதாற் பயனில்லை. சாவியைத் திருப்பும்போது டீசலைத் திறந்துவிடும் மின்வால்வு 'டிக்' என ஒலிக்கின்றதா என்பதையுங் கேட்டறிதல் நன்று. அதற்குச் செல்லும் ஒரு கம்பி கழன்றதால் பம்பியே பழுதானதாகத் தோன்றுவதும் உண்டு.

குற்றம் எரிபொருளினதே எனத் துணிந்தபின், வழியை இரு கூறாக்கிக் காட்டும் எளிய சோதனையொன்று உண்டு. தூய டீசல் நிறைந்த சிறிய கலமொன்றை எஞ்சினுக்குச் சற்று உயரத்தே, சூடான பாகங்களுக்கு அப்பால் உறுதியாக நிறுத்தி, வடிகட்டிக்கு வரும் குழாய்க்குப் பதிலாக அதிலிருந்து ஒரு குழாயை இணைத்தல் வேண்டும். இதனால் எஞ்சின் செம்மையாக ஓடுமாயின், குற்றம் தாங்கிக்கும் வடிகட்டிக்கும் இடையே உள்ளது. அதன்பின்னும் ஓடாதாயின், குற்றம் வடிகட்டியிலோ அதற்கு அப்பாலோ உள்ளது. தேடவேண்டிய இடம் இவ்வாறு பாதியாகக் குறைகின்றது.

தாங்கிப் பக்கத்திற் குற்றம் உளதாயின் முதலில் நோக்கத்தக்கது அதன் மூடி. தாங்கியுட் காற்றுப் புகும் சிறு வழி அடைபட்டால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் மிகும். வண்டி சிறிது தூரம் ஓடி நின்று, சற்று ஓய்ந்தபின் மீண்டும் ஓடுமாயின் இதனை ஐயுறலாம். மூடியைத் திறக்கும்போது காற்று உட்புகும் ஓசை கேட்குமாயின் ஐயம் தீரும். அடுத்தது, தாங்கியின் அடியிலுள்ள உறிஞ்சு குழாயின் வலை. துருவும் கசடும் அதனை மூடியிருக்கக்கூடும்.

குழாயின் குற்றமோ கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. ஊட்டு பம்பிக்கு முன்னுள்ள பகுதியில் டீசல் இழுக்கப்படுவதால், அங்குள்ள வெடிப்பு டீசலை வெளியே கசியவிடாமல் காற்றை உள்ளே இழுக்கலாம். பட்டறைகளில் 'எயர் பிடித்தல்' என வழங்குவது இதுவே. நீர்மம் நெருக்கத்துக்கு இணங்காது, காற்று இணங்கும். ஆகவே பம்பி தரும் அழுத்தம் முழுவதும் காற்றுக்குமிழை நெருக்குவதிலேயே கழிய, பீச்சி திறப்பதில்லை. இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் நெடுநேரம் சுழற்றியபின்னரே தொடங்குதல் இதற்கு ஓர் அறிகுறி. வடிகட்டிக்கும் பம்பிக்கும் இடையே ஒளிபுகும் குழாயொன்றைத் தற்காலிகமாக இணைத்தால் குமிழிகள் ஓடுவதைக் கண்ணாற் காணலாம். வெடித்த றப்பர்க் குழாய், தளர்ந்த பட்டி, தேய்ந்த வளையம் ஆகியவற்றை மாற்றினாற் குற்றம் தீரும். இதற்காகும் செலவு மிகச் சிறிது.

வடிகட்டி அடைபட்ட வண்டி எளிதில் தொடங்கி, நின்றவிடத்தில் நன்றாக ஓடும்; பாரமேற்றி வேகமாகச் செல்லும்போது வலுவிழக்கும். அதற்குக் கழுவுதல் தீர்வாகாது. புதியதையே இடல் வேண்டும். வடிகட்டியின் அடியிற் சேரும் நீரை வெளியேற்றுவதும் இன்றியமையாதது. நீர் டீசலினும் பாரமானதாகலின் கீழே தங்கும். அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் கண்ணாடிப் புட்டியிற் சிறிது பிடித்து வைத்தால், இரண்டும் பிரிந்து நிற்பதைக் காணலாம். பம்பியின் உள்ளுறுப்புகளுக்கு இடையேயுள்ள வெளி மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கேயாம். அங்கே நீர் துருவை உண்டாக்கும். மேலும் நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கருங்கபில நிறப் பிசினாக வடிகட்டியை மூடும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் மிகுந்த கரையூர்களில் இக்கேடு எளிதில் நேரும். இரவிலே தாங்கியை நிறைத்துவைத்தால், அதன் வெற்றிடத்தில் ஈரம் படிவது குறையும். பீப்பாவிலிருந்து எடுக்கும் டீசலை நன்கு தெளியவிட்டு, அடியிலுள்ளதை விட்டு மேலுள்ளதையே கொள்ளல் வேண்டும்.

வடிகட்டியை மாற்றினாலும் குழாயைக் கழற்றினாலும் உட்புகுந்த காற்றை வெளியேற்றல் வேண்டும். பழைய வகை எஞ்சினில் வடிகட்டியின் காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பியை அடித்து, குமிழியின்றி டீசல் வரும்போது திருகை முறுக்குவர். பின்னர் பீச்சற் பம்பியின் திருகிலும் அவ்வாறே செய்வர். அடிக்க அடிக்கக் கைப்பம்பி இறுகாமலே இருக்குமாயின் எங்கோ காற்றுப் புகுகின்றது. அமுக்கிய குமிழ் மீளாது ஒட்டிக் கிடக்குமாயின் தாங்கிப் பக்கம் அடைபட்டுள்ளது.

இத்துணையும் செம்மையாயிருந்தபின்னரே பீச்சற் பம்பியையும் பீச்சிகளையும் ஐயுறுதல் தகும். அவற்றை ஆராய்வது பயின்ற தொழிலாளரின் பணி. உயர் அமுக்கத்துடன் வெளிப்படும் டீசல் தோலைத் துளைத்து உடலுட் புகவல்லது. துளை சிறிதாயினும் கேடு பெரிது. உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிடிற் கையையே இழக்க நேரலாம். எனவே கசிவைக் கையால் தடவித் தேடுதல் ஆகாது. 1990களின் பிற்பகுதி முதற் பரவிய பொதுத்தண்டு முறையில் அமுக்கம் வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்கையும் கடப்பது. அவ்வகை எஞ்சின் ஓடும்போது பீச்சிக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது. ஆயினும் தாங்கி, குழாய், வடிகட்டி என்னும் தேடல் வரிசை அவற்றுக்கும் பொருந்தும்.

எரிபொருளின் தூய்மை பற்றியும் கூறுதல் வேண்டும். 1990களில் வடபகுதிக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கி மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய திறமையை யாழ்ப்பாண மக்கள் மறந்திலர். அது பெற்றோல் எஞ்சினிற் செய்யப்பட்டது. 2022 இன் நெருக்கடிக் காலத்தில் டீசல் லீற்றர் 400 ரூபாவுக்கு மேல் விற்றபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவே இருந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் அது 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. விலைகள் அவ்வளவு வேறுபடும்போது இரண்டையும் கலக்கும் எண்ணம் எழுதல் இயல்பே. ஆனால் டீசல் பம்பியின் உறுப்புகளுக்கு உராய்வைத் தடுக்கும் எண்ணெயும் அந்த டீசலே. அவ்வழுவழுப்பு மண்ணெண்ணெயிற் குறைவு. கலந்து ஓடிய வண்டி சிலகாலம் ஓடும். மிச்சம் பிடித்த பணத்தைப் பின்னர் பம்பிக்கே கொடுக்க வேண்டிவரும்.

வண்டியைப் பழுதுபார்ப்பதும் ஒருவகை மருத்துவமே. அறிகுறியைக் கேட்டு, காரணத்தைத் தேடி, சிறியதை முதலில் விலக்கிப் பின்னரே பெரியதைத் தொடுவோன் பிறர் பொருளைக் காப்பவனாவான். பட்டறை தொலைவிலுள்ள சிலாவத்துறை போன்ற கரையூர்களில் வண்டியோடு செல்வோர், புதிய வடிகட்டியொன்று, ஒருமுழ ஒளிபுகு குழாய், சில பட்டிகள், ஒரு கண்ணாடிப் புட்டி ஆகியவற்றையும், அவற்றைப் பயன்படுத்தும் முறையறிவையும் உடன் வைத்திருப்பின், நடுவழியில் நின்ற வண்டிகளுட் பல பனிக்கட்டி உருகுமுன் மீண்டும் புறப்படும்.